நூறால் வகுத்த கணக்கு

நிலக்கரி மின்நிலையத்தின் செலவுக் கணக்குப் பிரிவில் எனக்குப் பக்கத்து மேஜை அவருடையது. யூனிட் அண்ணன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். எதைப் பார்த்தாலும் மின்சாரத்தில் விலை சொல்லுவார். புதுச் செருப்போடு போனால், "நூறு யூனிட் இருக்குமா? நல்லா ஏமாத்தியிருக்கான்" என்பார்.

பொய் சொல்லத் தெரியாத ஆள். அது நல்ல குணம் என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

நிலையத்தை இன்னும் ஓட்டுவதா, மூடிவிட்டு ஊருக்கு வெளியே அமைத்திருக்கும் சூரிய மின்பூங்காவிலிருந்து மின்சாரம் வாங்குவதா என்று தலைமை அலுவலகம் முடிவெடுக்க வேண்டியிருந்தது. இரண்டின் விலையையும் ஒரே தாளில் ஒப்பிட்டுத் தரச் சொன்னார்கள். அண்ணன் பதினைந்து நாள் தலை நிமிரவில்லை. வெயில் இலவசம்தான். ஆனால் தகடு, நிலம், கடனுக்கு வட்டி, ஊர் விளக்குப் போடுகிற நேரத்துக்கு மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பேட்டரி எல்லாம் போட்டால் யூனிட் நானூற்று எண்பத்தைந்து காசு. எங்களுடையது நானூற்று அறுபது. அலுவலகத்துக்கே மூச்சு வந்தது. கொதிகலன் பிரிவில் வேலை பார்க்கும் அண்ணனின் மச்சான், அண்ணிக்கு ஒரே தம்பி, எங்கள் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான்.

மறுநாள் அண்ணன் பேனாவை மூடி வைத்தார்.

"தப்புப் பண்ணிட்டோம்பா."

நூறு யூனிட் உற்பத்தியானால் ஒன்பதை எங்கள் நிலையமே தின்றுவிடும். கரி அரைக்கும் எந்திரம், தண்ணீர்ப் பம்பு, எங்கள் தலைக்கு மேல் சுற்றுகிற விசிறி வரை எல்லாம் அதில்தான் ஓடின. வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் மாதிரி, யாரும் அதற்குக் கணக்குப் பார்த்ததில்லை. இருபத்திரண்டு வருடமாகச் செலவை நூறால் வகுத்தே கை பழகிவிட்டது. வெளியே போவதோ தொண்ணூற்றொன்று. தொண்ணூற்றொன்றால் வகுத்தால் ஐந்நூற்று ஐந்து காசு. பூங்காவின் விலையோ, அதன் வாசலைத் தாண்டி வெளியே வரும் யூனிட்டுக்குச் சொன்ன விலை. ஆக, பூங்காதான் மலிவு.

"யாருண்ணே கேக்கப் போறாங்க? இத்தனை வருஷமா இப்படித்தானே அனுப்பினோம்?" என்றேன்.

விஷயம் தெரிந்து மச்சானும் ஓடி வந்தான். "மாமா, நீங்க புதுசா எதுவும் செய்ய வேணாம். பழையபடியே விட்டுடுங்க. ரெண்டு பிள்ளைங்களும் படிக்குது."

"ரெண்டையும் ஒரே மாதிரிதான்டா அளக்கணும். அங்க வாசல்ல அளந்துட்டு, இங்க அடுப்புலயே அளந்தா எப்படி?"

மச்சான் கொதிகலன் பக்கமே திரும்பிப் போய்விட்டான். எனக்கு அண்ணன் மேல் ஆத்திரமாக வந்தது. இன்றும் தீரவில்லை. அவர் சொன்னது சரி என்பதால் ஆத்திரம் குறைந்துவிடுமா என்ன? ஆனாலும் அந்தத் தாளைத் தட்டச்சு செய்து கொடுத்தவன் நான்தான்.

எட்டு மாதத்தில் நிலையத்தை மூடினார்கள். முந்நூற்று நாற்பது பேருக்கு வேலை போயிற்று. பூங்காவுக்குப் பதினோரு பேர் போதுமாம். அங்கே தகடு துடைக்கும் வேலைக்கு மச்சான் மனுப் போட்டான். நாற்பத்தாறு வயது அதிகம் என்று சொல்லிவிட்டார்கள். பிழைப்புத் தேடி குடும்பத்தோடு வெளியூருக்குக் கிளம்பினான். சொல்லிக்கொள்ள வந்தவன் வாசலிலேயே நின்று அக்காவிடம் பேசிவிட்டுப் போனான்.

அன்று சாயங்காலம் நான் அண்ணன் வீட்டில் இருந்தேன். காய் நறுக்கிக்கொண்டிருந்த அண்ணி, நிமிராமலே அண்ணனைக் கேட்டார். "அந்தத் தாள்ல என் தம்பி சம்பளத்தை எங்க எழுதினீங்க?"

எதையாவது சொல்லி மழுப்புங்கள் என்று நான் கண்ணைக் காட்டினேன். அவர் என் பக்கமே திரும்பவில்லை.

"மூடினா மிச்சமாகிறதுன்னு ஒரு வரி இருக்கு. அதுல."

அண்ணி சமையலை முடித்தார். பிறகு, "சாப்பிட்டுட்டுப் போ தம்பி" என்று ஒரே ஒரு தட்டை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார்.