ஓரடி அகலம்

மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் அந்த அம்மாவுக்கு வைத்த பெயர் அகராதி. எதைக் கேட்டாலும் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பதில் சொல்வார், விட்டுக்கொடுக்க மாட்டார் என்பதால் முதலில் கிண்டலாக வைத்தது. போகப்போக அதுவே மரியாதையாகிவிட்டது. இருபத்திரண்டு வருஷம் ஜன்னலோரத்தில் ஒரே மேசை, ஒரு கால் சற்றே குட்டையான நாற்காலி. போன வருஷம் அவர் காலமான பிறகும், நாற்காலி ஆடாமலிருக்க அவர் மடித்து வைத்த அட்டையை யாரும் எடுக்கவில்லை.

பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றுவது அவர் வேலை. துணி துவைக்கும் இயந்திரத்தின் கையேடு, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள், இப்படித்தான் பெரும்பாலும் வரும். அதில் பாதியை யாரும் படிப்பதில்லை என்று அவருக்கே தெரியும். ஆனாலும் ஒரு கமா பிசகாது. பிறகு ஒரு பதிப்பகத்திலிருந்து, மலையில் நடக்கப் போகிறவர்களுக்கான வழிகாட்டிப் புத்தகங்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின.

வேடிக்கை என்னவென்றால் அவர் மலையைக் கண்ணால் பார்த்ததே இல்லை. ஊர் துடைத்துவிட்டதுபோல் சமதளம். இருப்பதிலேயே உயரம் தண்ணீர்த் தொட்டிதான். பிரெஞ்சுக்காரர்களோ மலையின் ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். இரண்டு சிகரங்களுக்கு நடுவே தாழ்ந்து, கடந்துபோக வழிவிடும் இடம் கோல். இருபுறமும் சரிந்து இறங்கும் கூரிய முகடு அரேத். பாறை உடைந்து உருண்டு குவிந்த கற்சரிவு எபூலி. சிலவற்றை ஆங்கிலம் அப்படியே வாங்கி வைத்துக்கொண்டிருந்தது. சிலவற்றுக்கு அதனிடம் சொந்தச் சொல் இருந்தது. எதற்கு எது என்று பிரித்தறிவதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். எபூலிக்காக அவர் ஒருநாள் கட்டுமானப் பொருள் விற்கும் இடத்துக்குப் போய் ஜல்லிக் குவியலில் ஏறிப் பார்த்தார். நாலடி ஏறினால் மூன்றடி கீழே சறுக்கியது. அங்கிருந்த காவல்காரர், எதையாவது தொலைத்துவிட்டீர்களா என்று கேட்டாராம். வார்த்தை ஒன்றைத் தேடுவதாகச் சொல்லிவிட்டு, முழங்கால் சிராய்ப்போடு சந்தோஷமாக வீடு வந்து சேர்ந்தார்.

முடிவான சொல் அலுவலகத்தின் சொற்பட்டியலில் ஏறிவிடும். அடுத்த புத்தகத்தில் அதே சொல் வந்தால் கணினியே பழைய ஆங்கிலச் சொல்லை எடுத்துப் போட்டுவிடும். முதல் புத்தகத்தில் 'வீர்' என்றொரு சொல் வந்தது. கையிலிருந்த அகராதிகளில் அது இல்லை. வீரில் இடப்புறமாக நடந்து செல்லவும் என்றிருந்தது. நடந்து போகிற இடம் பாதைதானே என்று 'பாத்' என்று எழுதினார். பட்டியலிலும் ஏற்றினார். நாலு புத்தகங்கள் அப்படியே அச்சாகிப் போயின.

ஐந்தாவது புத்தகத்தை எழுதியவர் விவரமான ஆள். "வீர் ஓரடி அகலம்தான். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கடக்கவும்" என்று எழுதியிருந்தார். பாதையில் நடக்க எதற்குச் சுவரைப் பார்க்க வேண்டும்? அன்றிரவு சோறு இறங்கவில்லை.

மறுநாள், கணவர் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவை மதியம் எடுத்துக்கொண்டு அவர் வேலை செய்யும் கட்டடத்துக்குப் போனார். கணவர் வீடுகளுக்கு வண்ணம் அடிப்பவர். மூன்றாவது மாடி ஜன்னல்களுக்கு மேலே நீண்டிருந்த சன்ஷேடில், இடுப்பில் கயிறோடு, கன்னம் சுவரில் உரச, பக்கவாட்டில் அடிமேல் அடி வைத்து வந்துகொண்டிருந்தார். கீழே நின்ற இவர் டப்பாவை இறுகப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். பார்த்த அதே கணத்தில் அந்த பிரெஞ்சு வாக்கியம் முழுசாகப் புரிந்தும் போயிற்று.

அவர் இறங்கி வந்து சாப்பிட உட்கார்ந்ததும் இவர் கேட்டார்.

"ஏங்க, நீங்க நடந்து வந்தீங்களே, அதைப் பாதைன்னு சொல்லலாமா?"

"சொல்றவங்களை ஒருதரம் மேல ஏத்திவிடு. இறங்கி வந்து என்ன சொல்றாங்கன்னு கேட்டுக்கலாம்."

"நான்தான் சொன்னேன். நாலு புத்தகத்துல."

கணவர் கையிலெடுத்த கவளத்தை டப்பாவிலேயே வைத்தார். அதைப் படித்துவிட்டு யாராவது நடக்கப் போகிறார்களா என்று கேட்டார். பனி உருகியதும் போவார்கள், இன்னும் ஆறு வாரம்தான் என்றார் இவர்.

"அப்ப இங்க என்ன உட்கார்ந்திருக்க? நான் சாப்பிட்டுக்குவேன். நீ கிளம்பு."

நேராகப் பெரிய நூலகத்துக்குப் போனார். மலையேற்றக்காரர்களின் தடித்த அகராதியில் வீர் இருந்தது. பாறைச் சுவரின் குறுக்கே ஓடும் ஒடுங்கிய விளிம்பு, ஆங்கிலத்தில் 'லெட்ஜ்'. நாலு புத்தகங்களையும் பிரித்து எண்ணினார். முப்பத்தொரு இடம்.

அலுவலக மேலாளருக்குப் பெயர் கெடு. காலை வணக்கத்துக்குப் பதிலாக எந்தக் கோப்புக்கு என்ன கெடு என்றுதான் ஆரம்பிப்பார். கெட்டவர் இல்லை, பயந்தவர். மறுநாள் இவர் போய்ச் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். பதிப்பகத்துக்குத் தெரிந்தால் ஆறாவது புத்தகம் கைவிட்டுப் போகும், அதை நம்பி இரண்டு பேரைப் புதிதாக எடுத்திருக்கிறோம் என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அஞ்சாவதுல சத்தமில்லாம மாத்திடுங்க. பழசை யார் எடுத்துப் பார்க்கப்போறா? இத்தனை வருஷத்துல ஒரு புகார் வந்திருக்கா?"

"விழுந்தவங்க எப்படி சார் கடிதம் போடுவாங்க?"

கெடு பேச்சை மாற்றினார். அந்தப் பட்டியலே அகராதி போட்டது, அவர் கை பட்டால் பிழை இருக்காது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேனே என்றார். அது இவருக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. பிழையே விடாதவர் என்ற பெயரைச் சம்பாதிக்க இருபது வருஷம் ஆகியிருந்தது. மேசைக்குத் திரும்பி, பதிப்பகத்துக்குத் தானே கடிதம் எழுதினார். தவறு என்னுடையது, முப்பத்தொரு இடமும் பக்க எண்ணோடு கீழே, நடக்கிறவர்கள் கிளம்புவதற்கு முன் திருத்துங்கள். அனுப்பிவிட்டுத்தான் தண்ணீர் குடித்தார்.

எதிர் மேசையில் மெய்ப்புப் பார்ப்பவருக்கு விஷயம் எட்ட அரை மணி நேரம்கூட ஆகவில்லை. தேநீரைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

"நேத்து வரைக்கும் வெறும் அகராதி. இன்னைலேருந்து திருத்திய பதிப்பு."

மூன்று நாளில் முதல் தடவையாக அவர் சிரித்தார்.

பதிப்பகத்தின் பதில் இரண்டே வரி. திருத்தச் சீட்டு அச்சிட்டுக் கடைகளுக்கு அனுப்புகிறோம். மற்ற சொற்களையும் ஒருமுறை சரிபார்த்துத் தர முடியுமா? நன்றியும் இல்லை, கோபமும் இல்லை. அவர் வார்த்தை வார்த்தையாகச் சரிபார்த்தார். இன்னும் இரண்டு பிழை கிடைத்தது, ஆளைக் கொல்லாத வகை. பனி உருகுவதற்குப் பத்து நாள் முன்பே சீட்டுகள் எல்லாக் கடைகளுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டதாகத் தகவல் வந்தது. அன்று மாலை கணவரோடு ஆற அமர நடந்துபோய், வழியில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

ஆறாவது புத்தகமும் இவர்களுக்கே வந்தது. முடித்துக் கொடுக்கும்போது கோப்போடு தனியாக ஒரு தாளையும் கெடுவின் மேசையில் வைத்தார். 'எனக்கு உறுதியாகத் தெரியாதவை' என்று தலைப்பு, கீழே பத்தொன்பது சொற்கள். கெடு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"இவ்வளவா தெரியாது உங்களுக்கு?"

"இன்னும் இருக்கு சார். தாள் பத்தல."

கெடு தாளைப் புரட்டிப் பின்பக்கம் பார்த்தார். அங்கே காலியாக இருந்தது. பேனாவோடு சேர்த்து அதை அவரிடமே நீட்டினார்.