மரைக்காயர் வீட்டுச் சரிவு

ஓட்டத் தெரியாத காரை ஓட்டத் தெரியும் என்று சொல்லிக்கொண்டவர்கள் உலகத்தில் நிறையப் பேர் இருப்பார்கள். ஓட்டத் தெரியாத காரை நிறுத்தத் தெரியும் என்று சொல்லி, அதற்கு ஆதாரமாக நாற்பது வயதில் நாற்பது பக்கம் எழுதி, நூல் போட்டுத் தைத்தும் வைத்தவன் காரைக்காலில் நான் ஒருவன்தான்.

எதிர்வீட்டு மரைக்காயர் சைகோனில் துணிக்கடை வைத்திருந்தவர். பிரெஞ்சுக்காரர்கள் அங்கேயும் இங்கேயும் மூட்டை கட்டிய சமயத்தில் அவரும் ஒரு அமெரிக்கக் காரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார். மூக்குக்கும் வாலுக்கும் இடையே ஒரு கல்யாணப் பந்தி போடலாம், அவ்வளவு நீளம். ஸ்டியரிங் இடப்பக்கம். கிளட்ச் கிடையாது; கியர் தானாகவே மாறிக்கொள்ளும். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கைப்பிடி, அதைத் தள்ளி வைக்கச் சில இடங்கள், அவ்வளவுதான். இதைக் கேள்விப்பட்ட எங்கள் ஊர் டாக்ஸிக்காரர்கள், மனைவி சமைக்காத வீட்டைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

சிக்கல் காரில் இல்லை, வீட்டில். அரசலாற்று வெள்ளத்துக்குப் பயந்து மரைக்காயரின் முன்னோர்கள் ஆள் உயரத்துக்கு மேடு போட்டுக் கட்டிய வீடு அது. தெருவிலிருந்து குதிரை வண்டிக் கொட்டகைக்கு ஏற ஒரு சிமெண்டுச் சரிவு உண்டு. கொட்டகை குதிரைக்கு அளவெடுத்தது. காரின் முன்பாதி உள்ளே நிழலில் நிற்கும், பின்பாதி சரிவில் தொங்கும். எங்கள் பக்கத்துப் பூமியோ தட்டில் ஊற்றிய கஞ்சி மாதிரி சமமானது. மேடு என்றால் பாலத்து ஏற்றம் ஒன்றுதான் தெரியும், அங்கே யாரும் வண்டியை நிறுத்துவதில்லை. கை பிரேக் என்ற உறுப்பில் டிரைவர்கள் துண்டை மாட்டி வைப்பார்கள். ஆகவே கார் ராத்திரியெல்லாம் தெருவில் படுதா போர்த்திக்கொண்டு கிடந்தது.

மரைக்காயர் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டனுப்பினார். சைகோன் பழக்கத்தில் அவர் என்னைப் பிரெஞ்சு மரியாதையோடு 'முசே' என்பார்.

"முசே, கடையை ஒழிச்சுக் கொடுக்க நான் ஆறு மாசம் திரும்பிப் போவணும். வண்டி சும்மா கிடந்தா பாழாப் போயிரும். யாராச்சும் வாரத்துக்கு ஒருவாட்டி எடுத்து ஓட்டி, திரும்ப மேல ஏத்தி நிறுத்தணும். தெருவுல விட்டுட்டுப் போவ மனசில்ல. இந்தாங்க, வண்டியோட வந்த புஸ்தகம். எனக்குப் பிரெஞ்சு பேச வரும், படிக்க வராது. படிச்சு வைங்க. நல்லா நிறுத்துறவங்க கையில சாவியக் கொடுத்துட்டுப் போறேன், அவங்க ஆசப்பட்ட இடத்துக்குப் போய்க்கட்டும்."

அன்றிலிருந்து எனக்கு வாழ்க்கையில் வேண்டியிருந்தது அந்தச் சாவி ஒன்றுதான். நகரசபையில், நாங்கள் மேரி என்று சொல்லும் அலுவலகத்தில், பதினெட்டு வருஷம் பிறப்பு இறப்புப் பதிவு எழுதியவன் நான். என் இடுப்பில் ஒரு கார்ச் சாவி தொங்குவதை ஊர் பார்க்க வேண்டும் என்று பட்டது. இதற்குமேல் கௌரவமான காரணம் எதுவும் கைவசம் இல்லை.

அகராதியை வைத்துக்கொண்டு புத்தகம் முழுவதையும் தமிழாக்கினேன். ஒரே ஒரு இடத்தில் இடறியது. புத்தகத்தில் கைப்பிடிக்கு ஐந்து இடங்கள். முதல் இடம் நிறுத்துவதற்கு. அதில் தள்ளினால் சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும், மலையிலும் நிற்கும் என்று எழுதியிருந்தது. காரிலோ நான்கே இடங்கள். படித்தவன் இதற்கெல்லாம் அசரலாமா? எண்ணிக்கையில் அச்சகத்தார் தவறிவிட்டார்கள், முதல் இடம் எப்படியும் முதல் இடம்தான் என்று அடிக்குறிப்பு எழுதி மேலே போனேன்.

ஓட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டுமே. மேரியில் என் பக்கத்து நாற்காலிக்காரர் யுத்த காலத்தில் ஜீப் ஓட்டியவர். கோவில்பத்திலிருந்து தினமும் சைக்கிளில் வருகிறவர். பதினெட்டு வருஷமாக ஒரே மைக்கூட்டில் பேனா தொட்டுக்கொள்கிறோம். அவரிடம் ஒப்பந்தம் பேசினேன்: அவர் எனக்குக் கற்றுத்தர வேண்டும், மரைக்காயர் முன்னால் தனக்கு ஓட்டத் தெரியும் என்று காட்டிக்கொள்ளக் கூடாது. சாவி எனக்கு வந்ததும் செவ்வாய்க்கிழமைதோறும் அவரையும் குடும்பத்தையும் அம்பகரத்தூர் கோயிலுக்கு அழைத்துப் போவேன்.

"எனக்கென்ன ஓய் போச்சு. சாவி உம்மகிட்டயே இருக்கட்டும்" என்றார்.

பழகிக்கொள்ளச் சாவியைத் தந்துவிட்டு மரைக்காயர் சாயங்காலத் தொழுகைக்குப் பள்ளிவாசல் போகிற நேரத்தில் மூன்று வாரம் பயிற்சி நடந்தது. ஏற்றுவது சுலபம். கைப்பிடியை ஓடுகிற இடத்தில் வைத்துக் காலை லேசாக அழுத்தினால் யானை படியேறுவதுபோல் ஏறும். உச்சியில் பிரேக்கை மிதித்துக் கைப்பிடியை முதல் இடத்துக்குத் தள்ளுவேன். உடனே நண்பர், "இரும் ஓய், காலை எடுத்துராதீர், நான் இறங்கிக்கிறேன்" என்று வலப்பக்கம் இறங்கிப் பின்னால் போவார். உயிருக்குப் பயப்படுகிறார் என்று எண்ணிக்கொள்வேன். "ம், இப்ப எடும்" என்பார். எடுப்பேன். அத்தனை பெரிய வண்டி இம்மி நகராமல் நிற்கும். நான் இறங்கி முன்பக்கம் போய் நின்று, அச்சுப்பிழையையும் மீறி உண்மையைக் கண்டுபிடித்த அறிவை மெச்சிக்கொள்வேன். அந்த மூன்று வாரத்தில் ஒரு நாளாவது பின்பக்கம் போய்ப் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து, நான் நிறுத்துவதைப் பார்க்க மரைக்காயர் தம் உறவுக்காரர்களோடு மேலே கொட்டகை வாசலோரமாக நின்றார். என் நண்பரும் பக்கத்தில் கைகட்டி நின்றார். "நீர் தனியா வந்தாத்தான் ஓய் மதிப்பா இருக்கும்" என்று அவர்தான் சொல்லியிருந்தார், நெகிழ்ந்து போயிருந்தேன்.

ஏறினேன். நிறுத்தினேன். முதல் இடத்துக்குத் தள்ளினேன். இன்ஜினை அணைத்துவிட்டு, கூட்டத்தைப் பார்த்துச் சின்னதாக ஒரு புன்னகை செய்தபடி காலை எடுத்தேன்.

மரைக்காயர் என்னை விட்டு மெல்ல விலகிப் போனார். அவரோடு கொட்டகையும் போயிற்று. ஏன் எல்லோரும் போகிறார்கள் என்று யோசித்து முடிப்பதற்குள் வண்டி தெருவைக் கடந்து, என் வீட்டுக் கீற்று வேலியைச் சாய்த்து, என் மாட்டுக்கு வாங்கிப் போட்டிருந்த வைக்கோல் போரில் முதுகைக் கொடுத்து நின்றது. பிரேக்கை மறுபடி மிதிக்கலாம் என்று எனக்குத் தோன்றவேயில்லை. புத்தகத்தில் அப்படி எழுதியிருக்கவில்லை.

நண்பர் இறங்கி வந்தார். ஓடி வரவில்லை, அதைக் கவனித்தேன். என்னை வலப்பக்கம் நகரச் சொல்லி உட்கார்ந்து, ஒரே மூச்சில் காரை மேலே ஏற்றினார். என்னை எட்டிப் பிரேக்கை மிதித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு இறங்கி, கொட்டகைத் தூண் மறைவிலிருந்து ஒரு பனங்கட்டையை எடுத்துப் பின்சக்கரத்துக்கு அடியில் செருகினார். கட்டையின் ஒரு பக்கம் முழுவதும் டயரின் வரிகள் பதிந்திருந்தன. ஒரு நாளில் விழுந்த வரிகளாக அவை தெரியவில்லை.

மரைக்காயர் கட்டையைப் பார்த்தார், நண்பரைப் பார்த்தார். "நீங்க ஓட்டுவீங்கன்னு முசே சொல்லவே இல்லியே" என்று சாவியை அவர் கையிலேயே விட்டார்.

தெருமுனையில் நண்பரைப் பிடித்தேன்.

"மூணு வாரமா கட்டைதான் தாங்கிச்சா?"

"பின்ன? முதல் நாளே வண்டி நழுவுச்சு, முட்டுக் கொடுத்தேன்."

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருந்தா அதுக்கும் ஒரு அடிக்குறிப்பு எழுதியிருப்பீர்."

"இன்னிக்கு ஏன் போடலை?"

சைக்கிள் சீட்டைத் துடைத்தார். "எனக்கும் ஆசை இருக்காதா ஓய்? இருபது நாள் நான் கட்டை போட்டப்ப நீர் ஒருநாள்கூடத் திரும்பிப் பார்க்கலை. ஒரு நாள் போடலைன்னதும் துரோகிங்கிறீர்."

நான் துரோகி என்று சொல்லியிருக்கவில்லை. சொல்ல நினைத்துக்கொண்டுதான் இருந்தேன். அதையும் அவரே எடுத்துக்கொண்டுவிட்டார். மறுநாள் மைக்கூட்டை என் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டேன். பழிவாங்குவதில் எனக்குக் கைவந்தது அவ்வளவுதான். அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் குடும்பத்தோடு அம்பகரத்தூர் போனார், போகிற வழியில் என் வீட்டு முன்னால் ஹாரன் அடித்து, "வரீரா?" என்று கேட்டார். உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

பயணத்துக்கு முதல் நாள் மரைக்காயர் விடைபெற வந்தார். "முசே, சைகோன்லேந்து கடிதாசு வந்துச்சு. புஸ்தகம் மாறிப் போச்சாம். உங்ககிட்ட இருக்குறது என் மச்சான் வண்டியோடதாம். அதுல அஞ்சு எடமாம், நம்மளுதுல நாலாம்; நிறுத்துற எடமே கிடையாதாம்."

அவர் போனதும் எனக்கு உடம்பெல்லாம் லேசாயிற்று. அச்சகத்தார் தவறவில்லை, நானும் தவறவில்லை, என் மொழிபெயர்ப்பு கடைசி வரி வரைக்கும் சரி. மறுநாள் காலையில் புத்தகத்தையும் என் நாற்பது பக்கத்தையும் தூக்கிக்கொண்டு மேரிக்குப் போய் நண்பரின் மேஜையில் வைத்தேன். அந்தக் காராக இருந்திருந்தால் என் நிறுத்தலில் ஒரு குறையும் சொல்லியிருக்க முடியாது என்பதைப் பக்க எண்ணோடு விளக்கினேன்.

அவர் பிறப்புப் பதிவேட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல் முழுவதையும் கேட்டார்.

"சரிதான் ஓய். அந்தக் கார் வந்தா, அதோட சாவியை நீரே வச்சுக்கும்."