கவசத்துக்கு முன் குரல்

கெண்டோ வகுப்பில் முதலில் சேர்ந்தவள் என் மகள்தான். கெண்டோ என்றால் ஜப்பானிய வாள் சண்டை. வாள் மூங்கில், அடி நிஜம். டெல்லிக் குளிரில் வெறுங்காலோடு நிற்க முடியாது என்று இரண்டே வாரத்தில் அவள் விட்டுவிட்டாள். கொண்டுவிடப் போய் ஓரமாக உட்கார்ந்திருந்த எனக்குப் பித்துப் பிடித்துக்கொண்டது.

நாற்பது வயதில், சாணக்யபுரியில் ஒரு பள்ளிக்கூட ஹாலில், காலேஜ் பையன்களுக்கு நடுவே சல்வார் கமீஸோடு நின்றேன். வலது காலை முன்னால் வைக்க வேண்டும் என்றார்கள். அதைக் கல்யாணமாகி வந்த அன்றே கற்றுக்கொண்டாயிற்று. இடது குதிகாலைத் தரையில் படாமல் வைத்திருப்பதுதான் உயிரை வாங்கியது.

அதுவும் பழகிவிட்டது. குரல்தான் வரவில்லை. தலையில் அடிக்கும்போது ‘மென்’ என்று அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். கத்தாத அடி அடியே இல்லை. எங்கள் ஆசிரியர் ஒரு கம்பெனி வேலையாக டெல்லி வந்த ஜப்பானியர். ஆங்கிலம் அரைகுறை, ஹிந்தி அவருடைய டிரைவர் சொல்லிக்கொடுத்த மட்டும். “ஜோர் ஸே, ஜோர் ஸே” என்பார், இன்னும் சத்தமாக என்று. கோயில் கூட்டத்தில் முன்னால் நிற்பவரைக் கொஞ்சம் நகரச் சொல்வதுபோல் நான் ஒரு ‘மென்’ சொல்வேன்.

குரல் வரும்வரை கவசம் கிடையாது என்று அவர் சொல்லிவிட்டார். கவசம் இல்லாமல் யாரோடும் மோத முடியாது. என்னோடு சேர்ந்த பையன்கள் தலைக்கவசமும் மார்க்கவசமும் மாட்டி ஒருவரையொருவர் வெளுத்துக்கொண்டிருக்க, நான் காற்றை அடித்துக்கொண்டிருந்தேன். பொறாமையாக இருந்தது. ஆனாலும், என் சுபாவம் சாது, சத்தம் எங்கிருந்து வரும் என்று எல்லோரிடமும் சொல்லிவந்தேன். நானும் அதை நம்பினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவர் டூரில் இருந்தார். மகளைத் தனியாக விட முடியாமல் இழுத்துக்கொண்டு போனேன். சுவரோரம் சால்வையைப் போர்த்திக்கொண்டு தூங்கி வழிந்தாள். ஆசிரியர் தன் வாளைத் தலைக்கு மேல் குறுக்கே பிடித்து என்னை அடிக்கச் சொன்னார். அடித்தேன். “ஜோர் ஸே” என்றார். மறுபடியும் அடித்தேன். மறுபடியும் “ஜோர் ஸே.”

மகள் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

“அம்மா, ஏன் இப்டி டிராமா பண்றே? டெய்லி காலையில என்னை எழுப்பறியே, அப்டி கத்தேன். மேல் வீட்டு ஆன்ட்டி அலாரமே வெக்கறதில்ல, உன் சத்தமே போதும்கறாங்க.”

சொல்லிவிட்டுத் திரும்பவும் தூங்கிப்போனாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வாசலில் ஸ்கூல் பஸ் ஹார்ன் அடிக்க, ரஜாய்ப் போர்வைக்குள் சுருண்டு கிடக்கும் இவள் கண் முன்னால் வந்தாள். வாளை ஓங்கி அடித்தேன்.

கூரையில் அடைந்திருந்த புறாக்கள் படபடவென்று பறந்தன. ஆசிரியர் ஒரு அடி பின்னால் போய்த் தலை குனிந்து வணங்கினார். பிறகு கவசங்கள் இருந்த அலமாரியைக் காட்டினார். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

திரும்பிப் பார்த்தேன். சால்வை கீழே விழுந்து கிடக்க, மகள் விறைத்து நின்றிருந்தாள்.

“எழுந்துட்டேம்மா, எழுந்துட்டேன்” என்றாள்.