பக்கத்து வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீர்

எங்கள் சிங்காநல்லூர் வீட்டுச் சமையலறையில் ஒரு பித்தளைச் சொம்பு இருக்கிறது. கழுத்தருகே நசுங்கியது. அப்பாவின் தங்கையான என் அத்தையுடையது. கல்யாணமாகிப் போன வீட்டில் வாழ முடியாமல் திரும்பி வந்தபோது, சீர்வரிசையாகக் கொண்டுபோனதில் அவர் திருப்பிக் கொண்டுவந்தது இது ஒன்றுதான். அங்கே கீழே விழுந்து நசுங்கியது என்பார். எப்படி விழுந்தது என்று ஒருநாளும் சொன்னதில்லை.

எங்கள் பக்கம் யார் வீட்டுக்கு வந்தாலும் முதலில் சொம்பில் தண்ணீர்தான், பேச்செல்லாம் பிறகு. இந்த வழக்கத்தை அத்தை தன் சொந்தக் காரியத்துக்கு வளைத்துக்கொண்டிருந்தார். குடும்பத்தில் யாருக்கு வரன் வந்தாலும் விசாரிக்கக் கிளம்புவது அவர்தான். ஆனால் மாப்பிள்ளை வீட்டுப் படி ஏற மாட்டார். பக்கத்து வீட்டு வாசலில் நின்று, "ஏனுங்க, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க" என்பார். தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் அந்த வீட்டம்மாவோடு உறவு முளைத்துவிடும். கல்யாண சீசனில் அத்தைக்குத் தாகம் கூடிவிடுகிறது என்று நாங்கள் கேலி செய்வோம்.

நான் வானியலில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தபோது பெருந்துறையிலிருந்து எனக்கு ஒரு வரன் வந்தது. வேறு சூரியன்களைச் சுற்றும் கோள்கள்தான் என் பாடம். "எங்க அம்மணி ஆகாசத்துல வரன் பாக்கறா" என்று அத்தை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. பெருந்துறை வீடு, அக்காவைக் கொடுத்திருந்த சத்தியமங்கலத்து வீட்டை உரித்து வைத்ததுபோல இருந்தது. அதே அளவு தோப்பு, அதே மாதிரி தொழில், படித்த பையன். அக்கா சந்தோஷமாக இருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகும் நான் ஆராய்ச்சியைத் தொடரலாம் என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள். எனக்கு வேண்டியதே அதுதான், சரி என்றுவிட்டேன். அப்பாவும் அத்தையிடம், "அதே மாதிரி ஊடு அம்மணி, இதுல விசாரிக்க என்ன இருக்குது?" என்றார். அத்தை மறுநாளே பெருந்துறைக்குப் பஸ் ஏறிவிட்டார்.

நல்ல குடும்பமா என்று கேட்டால் ஆமாம் என்றுதான் யாரும் சொல்வார்கள். அத்தை பக்கத்து வீட்டம்மாவிடம் கேட்டது வேறு. "அந்த ஊட்டு மூத்த மருமக எந்நேரத்துக்குச் சாப்புடுவாங்க?" அந்தம்மா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாராம்: "எல்லாத்துக்கும் போட்டு, பாத்திரமும் கழுவிப்போட்டு அப்பறமுங்க. காலேஜுல பாடம் எடுத்துட்டிருந்த புள்ளை. இப்பக் கேட்டைத் தாண்டறதில்லீங்க."

திரும்பி வந்து அத்தை இதைச் சொன்னதும் அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. பேசி முடித்த இடத்தில் சாப்பாட்டு நேரத்தைக் காரணம் சொல்வதா என்றார். அத்தை குரலை உயர்த்தவில்லை. "அண்ணா, அந்த மாதிரி ஊட்டுல நான் குடித்தனம் பண்ணிப்போட்டு வந்தவ. எதைக் கேக்கோணும்னு எனக்குத் தெரியும்." அத்தை வாழ முடியாமல் திரும்பிய அந்த இடத்தைப் பார்த்து முடித்தவர் அப்பாதான். அவரே பெருந்துறைக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அதே வாரம் ஒருநாள் அந்தி வேளையில் மொட்டை மாடியில் நானும் அத்தையும் துணி எடுத்துக்கொண்டிருந்தோம். மேற்கே வெள்ளி பளிச்சென்று தெரிந்தது. எங்கோ வேறொரு சூரியனிடமிருந்து யாராவது நம்மைப் பார்த்தால் அவர்களுக்குப் பூமியும் வெள்ளியும் அக்கா தங்கை போலத்தான் தெரியும் என்று அத்தைக்குச் சொன்னேன். கிட்டத்தட்ட ஒரே அளவு, எடையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் வெள்ளியின் தரை ஈயத்தை உருக்கும் சூடு, மேகமெல்லாம் அமிலம். பக்கத்தில் ஆய்வுக்கலம் அனுப்பிப் பார்த்ததால்தான் நமக்கே அது உறுதியாயிற்று. அத்தை கையில் துணியோடு மேற்கே திரும்பி நின்றார். "எத்தனை வெளிச்சமா இருக்குது பாரு கண்ணு. உள்ள போறவளுக்குத்தான தெரியும்" என்றார்.

தூரத்துக் கோள்களைப் பற்றி நமக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். தன் சூரியனை எவ்வளவு மறைக்கிறது, எவ்வளவு அசைக்கிறது என்பதை வைத்து அளவையும் எடையையும் சொல்லிவிடலாம். அது ஜாதகக் குறிப்பு மாதிரி. அதற்குமேல், அதன் காற்றில் எதைத் தேட வேண்டும் என்பதை நம் வெள்ளியும் செவ்வாயும் பூமியும்தான் சொல்லித்தர வேண்டும். அருகில் பட்டதை வைத்துத்தான் தூரத்தில் கேட்கத் தெரிகிறது. இதை இப்போது நான் நடத்தும் வகுப்பில் சொல்லும்போதெல்லாம் அத்தை பெருந்துறை பஸ்ஸில் ஏறுவது கண்ணில் வந்துபோகும்.

அத்தை போன வருஷம் போய்ச் சேர்ந்தார். சென்ற வாரம் ஒரு பத்திரிகைக்காரப் பெண் வீட்டுக்கு வந்திருந்தாள். பூமி மாதிரியே ஒரு கோள் கிடைத்திருக்கிறதாமே, அங்கே போய் வாழ முடியுமா என்று கேட்கத்தான் வந்திருந்தாள். முதலில் அத்தையின் சொம்பில் தண்ணீர் கொடுத்தேன். "அளவு சரியா இருக்குதுங்க அம்மணி. இன்னும் விசாரிச்சுட்டுத்தான் இருக்கறோம்" என்றேன். அவள் சிரித்தாள். குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிப் பார்த்தாள். "நசுங்கியிருக்குதுங்களே, பாத்திரக் கடையில தட்டி நேராக்கிக் குடுப்பாங்களே?" என்றாள்.

வேண்டாம் என்றேன். நான் படித்து முடித்ததே அந்த நசுங்கலால்தான்.