டீச்சரின் வலது கால்

கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் அவளுக்கு, அவளிடம் படித்தவர்கள் வைத்த பெயர் பிரேக் டீச்சர். பயிற்சிக் காரில் அவள் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதித்து மிதித்து அவளுடைய வலது காலுக்குத் தனிப் புத்தியே வந்துவிட்டது. பஸ்ஸில் போனால் டிரைவருக்கு முன்னால் இவள் மிதிப்பாள். டிவியில் யாராவது வேகமாக ஓட்டினால் எதிரில் இருக்கும் டீப்பாய்க்கு உதை விழும். பாவம், அவள் புருஷன் காப்பி டம்ளரைக் கீழே வைக்காமலே குடிக்கப் பழகிவிட்டார்.

அந்தக் காலுக்குப் பயந்துதான் நாத்தனாரும் பாதியில் வகுப்பை விட்டு ஓடினாள்.

“நான் ஓட்டுறேனா, நீங்க ஓட்டுறீங்களான்னே தெரியல அண்ணி. நான் நினைக்கிறதுக்குள்ள வண்டி நின்னுடுது.”

ஊருக்கே சொல்லிக்கொடுக்கிறவளுக்கு இது மானப் பிரச்சினை ஆகிவிட்டது.

நாத்தனாருக்கோ சைக்கிள் பைத்தியம். அவளுடைய சைக்கிளில் ஷூவையே பெடலோடு மாட்டிக்கொள்ள வேண்டும். ஷூவுக்கு அடியில் ஒரு கொக்கி, அழுத்தி மிதித்தால் ‘டக்’கென்று பிடித்துக்கொள்ளும். விடுவிக்க, குதிகாலை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும்.

“இதென்ன பெரிய வித்தையா?” என்று டீச்சர் சும்மா இருக்காமல் வாயைக் கொடுத்தாள்.

“அப்ப பந்தயம். சிக்னல் வரைக்கும் போய் விழாம திரும்பி வந்தா, நான் மறுபடி வகுப்புக்கு வரேன். என்ன திட்டினாலும் வாங்கிக்கிறேன். விழுந்தா, பிரேக்கைத் தொடாம எனக்குச் சொல்லித்தரணும்.”

பிரேக்கைத் தொடாமலா! டீச்சரின் வலது கால் தரையை ஒரு மிதி மிதித்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா, “சரி” என்றுவிட்டது. நடைவழிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நாத்தனாரின் ஷூவில் பழகினாள். மாட்டு, திருப்பு, எடு. நன்றாகத்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினாள். சைக்கிள் வழுக்கிக்கொண்டு போனது. இவ்வளவு சுகமா என்று அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. சிக்னல் அருகில் நாத்தனார் காத்திருந்தாள். மஞ்சள் விழுந்தது. முன்னால் போன கார் சட்டென்று நின்றது.

டீச்சரின் வலது கால் பலமாக மிதித்தது. சைக்கிள் நிற்பதற்குப் பதில் பாய்ந்தது. கடைசி நொடியில் கைப்பிரேக் ஞாபகம் வர, காரை இடிக்காமல் சைக்கிள் நின்றது. கால் இரண்டும் மாட்டியிருந்ததால், டீச்சர் உட்கார்ந்த நிலையிலேயே மெதுவாக, ரொம்ப மெதுவாகப் பக்கவாட்டில் சாய்ந்தாள்.

காரிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. அவளிடம் ஓட்டக் கற்ற பல் டாக்டர்.

“டீச்சர், முன்னாடி போற வண்டிக்கு இடைவெளி விடணும்னு நீங்கதானே சொல்வீங்க?”

நாத்தனார் ஓடி வந்தாள். சிரிப்பில் அவளால் தூக்கக்கூட முடியவில்லை. “குதிகாலைத் திருப்புங்க அண்ணி! மிதிக்காதீங்க!” தரையில் கிடந்தபடியே டீச்சர் இன்னும் பிரேக் போட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை, காலி மைதானம். ஸ்டியரிங்கில் நாத்தனார். பக்கத்து சீட்டில் டீச்சர், ஒப்புக்கொண்டபடி காலைத் தூக்கி மேலே வைத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். கார் நகர்ந்தது, வேகம் பிடித்தது, எதிரே மதில் வந்தது. டீச்சருக்கு உயிரே போயிற்று. கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

கார் குலுங்காமல் நின்றது.

“கண்ணைத் திறங்க அண்ணி. நான்தான் நிறுத்தினேன்.”

மதில் எங்கோ தள்ளி இருந்தது. டீச்சர் குனிந்து பார்த்தாள். தன் வலது காலை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்திருந்தாள்.

“இன்னொரு தடவை போ,” என்றாள், காலை விடாமல்.