சைடிங் மேட்டுப் பாதையில் ஒரு பூட்டு

1. மேடு

நான் ஒன்றியத்தில் ஓவர்சியராக இருந்து ரிட்டையர் ஆனவள். வாய் கொஞ்சம் நீளம் என்று ஆபீசில் பெயர். அந்த வாயும் ஒரு இடத்தில் உதவவில்லை. புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்காக அதை எழுதி வைக்கிறேன்.

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலிருந்து கல் ஏற்றும் கூட்ஸ் ரயிலுக்கென்று ஒரு சைடிங் லைன் ஓடிக்கொண்டிருந்தது. கல்லை லாரியில் அடிக்க ஆரம்பித்ததும் லைனை நிறுத்தி, தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். மேடும் ஜல்லியும்தான் மிச்சம். அதன் மேல் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. ரோட்டிலோ லாரிக்குப் பயந்து மனுஷர் நடக்க முடியாது. அந்த மேட்டை நடைபாதையாக்கச் சொல்லி ஸ்கீம் வந்தபோது எனக்கு நிஜமாகவே சந்தோஷம்.

முதல் நாள் டேப்பும் கையுமாகப் போனேன். மேஸ்திரி செல்லமுத்து, மேட்டை ஒட்டின காலனிக்காரர். கொத்து வேலை, வெல்டிங் வேலை இரண்டும் தெரிந்தவர். முள்ளை வெட்டிக்கொண்டிருந்தவர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

"மொதல்ல சொல்லுங்க. கோவத்த அப்புறம் பாப்போம்."

"எங்க காலனில யாராச்சும் செத்தா இந்த மேட்டு மேலதாங்க தூக்கிட்டுப் போவோம். சுடுகாடு அந்தக் கடைசில இருக்கு. ஊர்த்தெரு வழியா எங்க பாடை போனா தகராறு ஆயிடும். ரயிலு ஓடுனப்பவே கூட்ஸ் வந்தா ஓரமா ஒதுங்கி நின்னு, அது போனப்புறம் போவோம். இத மட்டும் அடைச்சிடாதீங்க."

"பாதை போட வந்தவ வழிய அடைப்பனா? போய் வேலையப் பாருங்க" என்றேன். அவர் அதை நம்பினார்.

2. கேட்

பாதை நன்றாகவே வந்தது. கிராவல் போட்டு ரோலர் ஓட்டினோம், கல் பெஞ்ச் போட்டோம், இரண்டு பக்கமும் வேப்பங்கன்று வைத்தோம். சர்க்கரை வியாதிக்காரர்கள், வேலை முடிந்து வரும் பெண்கள் எல்லோரும் நடக்க வந்தார்கள். கூடவே பைக் ஓட்டும் பையன்களும் வந்தார்கள். ஒரு அம்மாவை இடித்துக் கையை முறித்தார்கள். வாக்கிங் சங்கத்தார் திரண்டு வந்து, காலனிப் பக்க வாசலில் பைக் நுழையாதபடி வளைந்து வளைந்து போகும் குழாய்த் தடுப்பு வேண்டும் என்றார்கள். அவர்கள் கேட்டதும் நியாயம்தான். எங்கள் என்ஜினியர் உடனே சரி என்றார்.

"சார், ஆள் வளைஞ்சு போயிடுவாங்க. பாடை எப்படி சார் வளையும்?"

"வாக்கிங் போற எடத்துல பொணத்தப் பத்தி ஏம்மா பேசுறீங்க?"

"பொணம் போற எடத்துலதான் சார் நாம வாக்கிங் விட்டிருக்கோம்."

மல்லுக்கட்டி ஒன்று வாங்கினேன். தடுப்புக்குப் பக்கத்தில் ஒரு அகலமான கேட், அதற்கு ஒரு பூட்டு, சாவி காலனியில் இருக்கும். செல்லமுத்துதான் வெல்டு வைத்தார். பூட்டு மாட்டும் கொண்டியைப் பலமாக வைக்கச் சொன்னேன்.

"நான் வச்சது ஒடையாதுங்கம்மா" என்று சிரித்தார்.

திறப்பு விழா முடிந்ததும் சாவிகள் சங்கச் செயலாளர் கைக்குப் போய்விட்டன. பொறுப்பான ஆளிடம் இருக்கட்டும் என்றார் என்ஜினியர். காலனிக்கு ஒரு சாவியாவது கொடுங்கள் என்று நின்றேன். "தேவைப்பட்டா போன் பண்ணி வாங்கிக்கட்டும்மா" என்று ஃபைலை மூடினார். செல்லமுத்துவிடம் போய்ச் சொன்னேன்.

"சரிங்கம்மா. இனிமே சாவறவன் முன்கூட்டியே போன் பண்ணிட்டுச் சாவணும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

3. பூட்டு

அந்த வாசலுக்கு முதலில் வந்தது செல்லமுத்துவின் பாடைதான். நெஞ்சு வலி என்று பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் போனவர் உயிரோடு திரும்பவில்லை. மறுநாள் மத்தியானம் அவர் தம்பி போன் செய்தார்.

"அம்மா, அண்ணனத் தூக்கிட்டு வந்துட்டோம். கேட்டு பூட்டிக் கெடக்குங்க. செயலாளரு திருச்சில கல்யாணத்துக்குப் போயிட்டாராம். போன் எடுக்கல."

ஸ்கூட்டியை விரட்டிக்கொண்டு போனேன். வெயிலில் பாடையைத் தரையில் இறக்கி வைத்திருந்தார்கள். தூக்கிய பாடையை நடுவழியில் இறக்குவது வழக்கமில்லை. பறைக்காரர் அடிப்பதை நிறுத்தியிருந்தார். பெண்கள் அந்த வாசலோடு நின்றுகொள்வார்கள். அவர்கள் நடுவில் செல்லமுத்துவின் மனைவி பூங்கொடி.

"ஒடைங்க. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"நீங்க பாத்துப்பீங்க. நாளைக்கு போலீஸ் வந்தா எங்களத்தானங்க தேடும்" என்றார் தம்பி.

பக்கத்து வீட்டில் சம்மட்டி வாங்கி நானே அடித்தேன். உள்ளங்கை தோல் உரிந்தது. பூட்டும் அசையவில்லை, கொண்டியும் அசையவில்லை. பூங்கொடி வந்து என் கையைப் பிடித்தாள்.

"விடுங்கம்மா. அவரு வச்சது ஒடையாது."

வாசலுக்கு இரண்டு பக்கமும் சரிவும் முள்ளும். கடைசியில் அந்தக் குழாய்களுக்கு மேலே பாடையைத் தூக்கிக் கைமாற்றிக் கொடுத்தார்கள். ஒரு பக்கம் சாய்ந்தது. பெண்கள் ஐயோ என்று கத்தினார்கள். ஒரு மாலை நழுவிக் குழாயில் மாட்டிக்கொண்டது. ஷூ போட்டுக்கொண்டு நடக்க வந்த இரண்டு பேர் அந்தப் பக்கம் ஒதுங்கி நின்றார்கள். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

செல்லமுத்துவின் கருமாதி முடிவதற்குள் யாரிடமும் அனுமதி கேட்காமல் அரியலூரிலிருந்து இரும்பு அறுக்கும் கட்டர்காரரை அழைத்துப் போய் அந்தக் கேட்டை எடுத்தேன். மெமோ வந்தது, வாங்கிக்கொண்டேன். இப்போது பைக் வருகிறது. வாக்கிங் போகிறவர்கள் என்னைத்தான் திட்டுகிறார்கள்.

பிள்ளைகளே, பழைய வழியில் புது வழி போடும்போது அதில் ஏற்கெனவே யார் போகிறார்கள் என்று கேளுங்கள். கேட்டதோடு விடாதீர்கள். அவர்கள் போவதற்கு இன்னொருவரிடம் சாவி கேட்க வேண்டியிருந்தால், அந்த எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போடாதீர்கள்.

கட்டர்காரர் வந்த அன்றைக்குக் கேட் சீக்கிரம் கழன்றுவிட்டது. கொண்டியை அறுக்கத்தான் நேரமானது. கட்டர்காரர் நிமிர்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"யாருங்கம்மா வச்சது இத? இவ்ளோ பலமா?"

"செல்லமுத்து" என்றேன்.

"நல்ல வேலக்காரரு. எந்த ஊருங்க?"

பக்கத்துக் காலனியைக் காட்டினேன்.