பத்மினி அக்காவைப் பாம்பு தீண்டவில்லை

பத்மினி அக்கா இறந்த செய்தி என்னிடம் ஒரு பொய்யாகத்தான் வந்து சேர்ந்தது. ஜூலை மாதம், இங்கே குளிர்காலம், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். மெல்பேர்னில் எங்கள் டார்னெய்ட் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஒரு வரி: "பாம்பு வளர்த்த பத்மினி அக்கா பாம்பு கடிச்சு மோசம் போயிட்டா." அதற்குக் கீழே கைகூப்பிய பொம்மைகள் நாற்பது. நம்ப முடியாமல் அவருடைய கைபேசிக்கே அழைத்தேன். பஸ் டிப்போவில் அவருடன் வேலை செய்யும் ஒரு பெண் எடுத்தார். காலையில் பஸ் ஓட்டி முடித்துவிட்டு வந்து தேநீர் அறையில் உட்கார்ந்தவருக்கு அங்கேயே மாரடைப்பு என்றார்.

பாம்பு அப்போது வீட்டில், தன் பொந்துக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. நஞ்சே இல்லாத பாம்பு அது. உடனே குழுவில் அதையும் எழுதினேன். அதற்கு ஒரு பொம்மைகூட வரவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாதுதான். ஆனால் ஒரு மனுஷி இறந்து மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் இப்படியா?

அவரை அறிந்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பத்மினி அக்கா யாழ்ப்பாணத்தவர், ஐம்பத்து நான்கு வயது, மணம் செய்துகொள்ளவில்லை. மெல்பேர்னின் மேற்குப் பக்கத்தில் பல வருடங்களாக பஸ் ஓட்டினார். நான் ஈரோட்டுக்காரி. ரயில் நிலையத்துக்கு தினமும் அவருடைய பஸ்ஸில் போனவள்.

பாம்பு அவரிடம் வந்ததும் பஸ்ஸில்தான். கடைசி நிறுத்தத்தில் இருக்கைகளைச் சரிபார்த்தபோது, வாய் முடிந்த தலையணை உறை ஒன்று கிடந்திருக்கிறது. யாரோ அழுக்குத் துணியை மறந்துவிட்டார்கள் என்று தூக்கியவருக்குக் கைக்குள் அது மெல்ல நெளிந்தது. வேறு யாராவது என்றால் பஸ்ஸை அப்படியே விட்டு ஓடியிருப்பார்கள். இவர் அதை மடியில் வைத்துக்கொண்டு, வனவிலங்குக் காப்பகத்தார் வரும்வரை காத்திருந்தார். உரிமை கேட்டு ஒருவரும் வரவில்லை என்று தெரிந்ததும் முறைப்படி லைசென்ஸ் எடுத்து அவரே வாங்கிக்கொண்டார். "விட்டிட்டுப் போன ஆள் திரும்பி வராது. எனக்கு அது தெரியும்" என்று மட்டும் சொன்னார். பாம்புக்குச் சின்னவர் என்று பெயர் வைத்தார்.

இனிமேல்தான் நம் ஆட்களின் திருவிளையாடல். அந்த இனத்துக்கு ஆங்கிலத்தில் சில்ட்ரன்ஸ் பைதன் என்று பெயர். சில்ட்ரன் என்ற குடும்பப் பெயர் கொண்ட யாரோ ஒரு வெள்ளைக்காரரின் நினைவாக வைத்தது. நம்மவர் காதில் அது பிள்ளைப் பாம்பு என்று விழுந்தது. பிள்ளைப் பாம்பு ஒரே மாதத்தில் பிள்ளை வரம் கொடுக்கும் பாம்பாகிவிட்டது. பகலில் "பாம்புக்காரி" என்று சிரித்தவர்கள் வெள்ளிக்கிழமையானால் பாலும் முட்டையும் மஞ்சளுமாக அவர் வீட்டு மணியை அடித்தார்கள். யார் யார் வந்தார்கள் என்று அவர் எனக்குச் சொன்னதே இல்லை. தனியாக வாழும் ஒரு பெண்ணின் குளிர்சாதனப் பெட்டியில் எப்போதும் மூன்று நான்கு பால் பாட்டில்கள் இருந்ததை மட்டும் நானே பார்த்திருக்கிறேன்.

மற்றவர்களைச் சொல்வானேன், நானும் போனவள்தான். எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. செயற்கைக் கருத்தரிப்பு இரண்டாவது முறையும் கைகூடவில்லை. வரம் கொடுக்கும் பாம்பின் செய்தி எப்படியோ ஈரோடுவரை போய், மாமியார் போனில் பிடித்துக்கொண்டார்: "அங்கயே நாகம்மா குடியிருக்கறப்ப நீ எதுக்கு டாக்டர் டாக்டர்னு அலையற?" படித்தவள், மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்ப்பவள், இரண்டு லிட்டர் பாலும் ஒரு டஜன் கண்ணாடி வளையலுமாகப் போய் நின்றேன். தினமும் பஸ்ஸில் வணக்கம் சொல்லும் என்னை அவர் மேலும் கீழும் பார்த்தார்.

"முதலாவது, அது நாகம்மா இல்லை, ஆம்பிளை. ரெண்டாவது, பாம்பு பால் குடிக்காது. தாகத்திலை கிடந்தால் எதையும் குடிக்கும், பிறகு வயித்து வருத்தம் வந்து சாகும். மூண்டாவது, உள்ளுக்கு வாரும், குளிருது."

சமையலறையில் உட்கார வைத்து, நான் கொண்டுபோன பாலிலேயே தேநீர் போட்டுக் கொடுத்தார். நான் அழுதேன். ஏன் என்று கேட்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. அழுது ஓய்ந்ததும், "முடிஞ்சுதெண்டால் வந்து இந்த டோர்ச்சைப் பிடியும்" என்றார்.

அவர் அன்று சின்னவருக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தார். கடைக்காரர் பேச்சைக் கேட்டு முதலில் ஒரு கண்ணாடி மீன்தொட்டியில் விட்டு, மேலே ஒரு பல்பைத் தொங்கவிட்டிருக்கிறார். நான்கு பக்கமும் வெளிச்சம், ஒதுங்க இடமில்லை. சின்னவர் வெளியேற வழி தேடி மூக்கைத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டார். அதைச் சொன்னபோது அக்காவின் கோபம் முழுக்கத் தன் மேலேயே இருந்தது. "ஒரு சீவனை வீட்டுக்குக் கொண்டு வர முன்னம் அதுக்கு என்ன வேணுமெண்டு கேக்காதது என்ரை பிழை."

யாரோ தெருவோரம் எறிந்த மர டிவி அலமாரி ஒன்றை இழுத்து வந்திருந்தார். முன்பக்கம் நகரும் கண்ணாடிக் கதவு, அதற்குப் பூட்டு, பக்கவாட்டில் காற்றுத் துளைகள். ஒரு மூலையில் வெப்ப விளக்கு, பாம்பு சுற்றிச் சுட்டுக்கொள்ளாதபடி அதற்குக் கம்பிக் கூண்டு. அந்தப் பக்கம் முப்பத்திரண்டு பாகைக்கு மேல் போகாமல் தானே அணைந்து எரியும் கருவி. மறு பக்கம் இருபத்தைந்துக்குக் குறையாத குளிர்ச்சி. உடம்பு முழுவதும் அமிழும் அளவுக்குத் தண்ணீர்ச் சட்டி. இரண்டு மூலையிலும் சின்னவர் நெருக்கமாகச் சுருண்டுகொள்ள ஒவ்வொரு பொந்து. பொந்து எதற்கு இரண்டு, ஒன்று போதாதா என்று கேட்டேன். திருகாணி முடுக்குவதை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சூடு வேணுமெண்டால் பயந்துகொண்டு இரு, பயமில்லாமல் இருக்கவேணுமெண்டால் விறைச்சுக்கொண்டு இரு எண்டு ஒரு சீவனுக்குச் சொல்லக்கூடாது. எனக்கு அப்பிடிச் சொன்னவங்கள். ஒளிக்கிற இடம் ரெண்டு பக்கமும் இருக்கவேணும்."

அகதியாக எந்த முகாமில், எத்தனை குளிர்காலம் இருந்தார் என்பதை அதற்கு மேல் அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அடுத்த முறை நான் வெறுங்கையோடு போனேன். பிறகு வாரா வாரம் போனேன். அவர் ஊருக்குப் போன ஒரு மாதம் சின்னவரைப் பார்த்துக்கொள்ள என்னையும் லைசென்ஸ் எடுக்க வைத்தார். எனக்குக் குழந்தை பிறக்கவில்லை. அதைப் பற்றிக் கேட்காத ஒரே தமிழ் வீடு டார்னெய்ட்டில் அவருடைய வீடுதான்.

அவர் இறந்த மூன்றாம் நாள் அந்த வீட்டுக்குப் போனேன். சிட்னி லிட்கம்மிலிருந்து அவருடைய அண்ணர் வந்திருந்தார். டிவி அலமாரி முற்றத்தில் மழையில் நின்றது.

"சின்னவர் எங்கண்ணா?"

"கராஜுக்குள்ளை. ஐயர் போனிலை சொன்னவர், செத்த வீட்டுத் துடக்கோடை பாம்பு இருக்கப்படாதெண்டு. நாளைக்கு ஆத்தங்கரையிலை விட்டிடுவம் தங்கச்சி. அதுக்கும் விடுதலை, எங்களுக்கும் புண்ணியம்."

கராஜில் துணி வைக்கும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று மூடியிருந்தது. மூடிமேல் செங்கல். திறந்தேன். துடைப்பத்தால் தள்ளிக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு கிண்ணம் பால், பாதி கவிழ்ந்து சின்னவர் மேலெல்லாம் ஊறியிருந்தது. தொட்டேன். கல்லைத் தொட்டதுபோல் இருந்தது. நாக்கு மட்டும் ஒருமுறை வெளியே வந்து போனது.

நான் கத்தினேன். சாவு வீடு என்று பார்க்கவில்லை. "இது வடக்கே வெயில்ல இருக்கற பாம்பு. மெல்பேர்ன் குளிர்ல ஆத்தோரம் விட்டா ரெண்டு நாள் தாங்காது. இதுக்குப் பேரு விடுதலையில்ல, கொலை. உங்க தங்கச்சி ஏழு வருஷம் பார்த்துப் பார்த்துக் காப்பாத்தினதை மூணு நாள்ல முடிச்சுட்டீங்களே!"

"நான் என்ன செய்ய? எனக்குப் பாம்பெண்டாலே கை கால் உதறும். ஆளாளுக்குப் போன் பண்ணி, அதுதான் அவளைக் கொண்டுபோனது, வீட்டாலை எடு எண்டு சொல்லுதுகள். ரெண்டு நாளா நித்திரையே இல்லை" என்று அந்த மனிதர் உடைந்து அழுதார். அவரைப் பார்த்து எனக்கு இரக்கம் வந்தது. போன் செய்தவர்கள்மேல் எனக்கு இன்றுவரை வரவில்லை.

சின்னவரைத் துடைத்துத் தலையணை உறைக்குள் விட்டு, என் குளிர்ச்சட்டைக்குள் வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். திடீரென்று சூட்டில் போட்டால் அதுவும் ஆபத்து. அண்ணரும், பாம்புப் படத்தைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என் கணவரும் அலமாரியை எங்கள் வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். காயவைத்து, விளக்கு மாற்றி, இரண்டு பக்கமும் வெப்பமானி பார்த்து, பொந்துகளை வைத்தேன். இருபத்தாறு நாள் சின்னவர் ஒன்றும் தின்னவில்லை. இருபத்தேழாம் நாள் எலியை எடுத்தார். நான் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

முப்பத்தோராம் நாளுக்கு ஒரு நினைவு மலர் அச்சிட்டார்கள். என்னிடமும் ஒரு பக்கம் கேட்டார்கள், கொடுத்தேன். இரண்டு நாளில் மலர்க்குழுவிலிருந்து அழைப்பு: "பாம்புக் கதையை எடுத்துவிடுங்கோ, சனம் என்ன நினைக்கும்? பஸ் ஓட்டினதும் வேண்டாம். போக்குவரத்துத் துறை எண்டு போடுவம்." என் பக்கத்தையே திருப்பி வாங்கிக்கொண்டேன். மலரில் பத்மினி அக்கா "சாந்த சொரூபி" என்று இருக்கிறது. சாந்த சொரூபியாம்! ஓட்டுநர் இருக்கையிலிருந்து இறங்கி வந்து, முதியவருக்கு இடம் கொடுக்காத ஆளை எழுப்பிவிட்டவரை!

முப்பத்தோராம் நாளன்று மண்டபத்தில் சாப்பாடு முடிந்து கைகழுவும் இடத்தில், ஒரு ஆன்ட்டி என் கையைப் பிடித்தார். வாட்ஸ்அப் குழுவில் வந்த நாற்பது பொம்மைகளில் ஒன்று அவருடையது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பிள்ளை, அந்தப் பாம்பு இப்ப உங்களிட்டையோ? என்ரை மருமகளுக்கு நாலு வருசமாச்சு. வெள்ளிக்கிழமை ஒருக்காக் கூட்டிக்கொண்டு வரட்டோ? ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

அவருக்குப் பின்னால் அந்த மருமகள் காலித் தட்டைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள். வாய்வரை வந்த வார்த்தைகளை அவளுக்காக விழுங்கினேன். அவளைப் பார்த்தே சொன்னேன்: "பாம்பைக் கும்பிட யாரும் வர வேண்டாம். உங்க மருமகளுக்குத் தோணினா எந்தக் கிழமையும் வரட்டும், சும்மா உக்காந்துட்டுப் போகட்டும். நீங்க வர வேண்டாம்."

பத்மினி அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியவை ஒரு பாம்பு, அதன் வீடு, அடங்காத இந்தக் கோபம். இவற்றோடு, தன் வாசலுக்கு அழுதுகொண்டு வந்தவர்களைப் பற்றி வாய் திறக்காத அவர் பழக்கமும் எனக்கு ஒட்டிக்கொண்டது. அந்தப் பெண் வந்தாளா என்று கேட்டு யாரும் எனக்குப் போன் செய்ய வேண்டாம்.